கடலில்லா நாட்டில் கடலுணவு வியாபாரம்: ரின் மீன், கருவாடு அடக்கவிலைப் பாடம்



எமது கடைகளில் அரிசி, மா, மிளகாய்த்தூளுக்கு அடுத்தபடியாக வாடிக்கையாளர் விலை கேட்டு முகம் சுளிப்பது ரின் மீனுக்கும் கருவாட்டுக்கும்தான். "டொலர் இறங்கிவிட்டது என்கிறார்கள், ரின் மட்டும் ஏன் ஏறுகிறது?" என்று கேட்பார்கள். "மொத்தக் கடைக்காரன் ஏற்றிவிட்டான்" என்று நம்மில் பலர் சொல்லிச் சமாளிக்கிறோம். அந்தப் பதில் பாதி உண்மை, பாதி பழிபோடுதல். விலை எந்த எந்தப் படியில் ஏறுகிறது, எந்தப் படியில் இறங்குகிறது என்பதைக் கணக்கோடு தெரிந்து வைத்திருப்பவர் வாடிக்கையாளருக்கும் விளக்கம் சொல்லலாம், மொத்த வியாபாரியிடமும் நியாயம் கேட்கலாம். மொத்த வியாபாரம் செய்பவர்களாகிய நாமே இதனை எழுதுவதால், எமது தரப்புக் கணக்கையும் மறைக்காமல் வைக்கிறோம்.

இங்கு எடுத்துக்கொண்டிருப்பது சுவிற்சர்லாந்து நிலவரம். கடற்கரை ஓர் அடிகூட இல்லாத நாடு இது. ஏரி மீன் கொஞ்சம் உண்டு. ஆனால் இந்த நாட்டில் உண்ணப்படும் மீனில் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் வெளிநாட்டிலிருந்தே வருகிறது. 1983க்குப் பின் இலங்கையிலிருந்து வந்து குடியேறி, இன்று ஐம்பதாயிரம் பேரளவில் இருக்கும் எம்மக்கள் கேட்கும் நெத்தலி, கட்டாக் கருவாடு, மாசி, ஊரில் 'சமன் ரின்' என்று கேட்டு வாங்கிப் பழகிய தக்காளிச் சாற்று மீன் எல்லாமே கடல் கடந்து, பின் தரை கடந்து வருபவை. ஆகவே ஒவ்வொரு ரின்னுக்கும் ஐந்து படிகள் உண்டு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாம் படி: மீனின் விலை

ரின் மீன் என்று பொதுவாகச் சொன்னாலும் அதற்குள் மூன்று தனித்தனிச் சந்தைகள் இருக்கின்றன. சூரை ரின்னுக்குத் தாய்லாந்தே பெரிய ஏற்றுமதி நாடு. மத்தி வகை ரின்களில் மொரோக்கோ முன்னிற்கிறது. கும்பளா வகை மீன், வட அத்திலாந்திக், தென் பசிபிக், ஆசியக் கடல்கள் என்று பல இடத்திலிருந்தும் வருகிறது. ஒன்றின் விலை ஏறினால் மற்றதும் ஏறவேண்டும் என்று கட்டாயமில்லை.

சூரையின் விலையை உலகம் முழுவதும் பாங்கொக் விலையை வைத்தே பேசுவார்கள். உறைய வைத்த முழுச் சூரை ஒரு தொன் 2017 ஒக்டோபர் அளவில் ஏறத்தாழ 2,300 டொலர் வரை சென்றது. 2019 இறுதியில் 1,000 டொலருக்குக் கீழே விழுந்தது. இரண்டே ஆண்டில் பாதிக்கும் கீழே போயிற்று. காரணங்கள் பல. எல் நினோ ஆண்டுகளில் பசிபிக்கில் சூடான நீர் கிழக்கே நகரும்போது மீன் கூட்டமும் நகர்ந்துவிடும். படகுகள் தூரம் போகவேண்டும். மேற்குப் பசிபிக்கில் மிதவைக் கூடு கட்டி மீன் சேர்க்கும் முறைக்கு ஆண்டுதோறும் யூலை முதல் தடைக்காலம் உண்டு. 2023 வரை மூன்று மாதமாக இருந்த அத்தடை, 2024இலிருந்து ஒன்றரை மாதமாகக் குறைக்கப்பட்டது. அந்தக் கடலின் தீவு நாடுகள் தங்கள் நீரில் மீன் பிடிக்க நாட்கணக்கில் கட்டணம் வாங்குகின்றன. கப்பல் எண்ணெய் விலையும் இதில் சேரும்.

இது ரின்னுக்கு எப்படி வருகிறது என்று பாருங்கள். முழுச் சூரை 100 கிலோவை அவித்து, தலை, முள், தோல், கருஞ்சதை நீக்கினால் ரின்னில் போடக்கூடிய சதை ஏறத்தாழ 40 கிலோதான் தேறும். தொன் 1,000 டொலர் என்றால் சதை கிலோ 2 டொலர் 50 சதம். தொன் 2,300 டொலர் என்றால் கிலோ 5 டொலர் 75 சதம். சாறு வடித்தபின் 130 கிராம் சதையுள்ள ஒரு சிறு ரின்னில் மீனுக்கு மட்டும் முன்னதில் 33 சதம், பின்னதில் 75 சதம் வருகிறது. ஒரு ரின்னுக்கு 42 சத வேறுபாடு. இது தகரம், எண்ணெய், கூலி எதுவும் சேர்க்காத கணக்கு.

எண்ணெயையும் தகரத்தையும் சாதாரணமாக எண்ணக்கூடாது. 2022 பெப்ரவரியில் உக்ரைன் யுத்தம் தொடங்கியதும் சூரியகாந்தி எண்ணெய் கிடைப்பது அரிதாகி, மார்ச் மாதத்தில் உலகத் தாவர எண்ணெய் விலை அதுவரை காணாத உயரத்துக்குச் சென்றது. எண்ணெயில் போட்ட ரின்னுக்கும் உப்பு நீரில் போட்ட ரின்னுக்கும் இடையே அப்போது விரிந்த விலை வேறுபாட்டை நம்மில் பலர் கவனித்திருப்போம்.

கும்பளா வகைக்கு இன்று தனியான கவலை உண்டு. வட கிழக்கு அத்திலாந்திக்கில் நோர்வே, ஐரோப்பிய ஒன்றியம், பிரித்தானியா, ஐஸ்லாந்து, பரோ தீவுகள் ஆகியவை தமக்குள் பங்கு பிரிப்பதில் இணங்காமல், ஆய்வாளர் சொன்ன அளவுக்கு மேல் பல ஆண்டு பிடித்து வந்தன. இதனால் 2019 மார்ச்சில் அந்த மீனுக்கான எம்.எஸ்.சி. நற்சான்று இடைநிறுத்தப்பட்டது. 2025 செப்டெம்பர் முடிவில், 2026ஆம் ஆண்டுக்கான பிடி அளவை முந்தின ஆண்டு ஆலோசனையைவிட ஏறத்தாழ 70 வீதம் குறைக்கும்படி சர்வதேச கடலாய்வு மன்றம் ஆலோசனை கூறியது. நாடுகள் அதனை எவ்வளவுக்கு ஏற்றாலும், ஐரோப்பியத் தொழிற்சாலைகள் வேறு கடலின் மீனைத் தேடும்போது எமது ரின்னுக்குப் போகும் மீனுக்கும் போட்டி கூடும்.

கருவாட்டின் கணக்கு வேறு. ஒரு கிலோ நல்ல கருவாட்டுக்கு மூன்று, நான்கு கிலோ பச்சை மீன் வேண்டும். மாசிக்கு அதைவிடக் கூட. ஆகவே பச்சை மீன் கிலோவுக்கு ஒரு டொலர் ஏறினால், கருவாட்டில் அது மூன்று நான்கு டொலராக வந்து நிற்கும். மழைக் காலத்தில் வெயில் இல்லை; காய்ச்சல் குறைந்த சரக்கு அப்போதுதான் வரும். விலையையும் காய்ச்சலையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இரண்டாம் படி: கப்பற் கூலி

2020 வரை கப்பற் கூலி பற்றிச் சில்லறைக் கடைக்காரர் யாரும் பேசியதில்லை. கொரோனாக் காலத்துக்குப் பிறகு எல்லோர் வாயிலும் அதுதான். ஆசியாவிலிருந்து வட ஐரோப்பாவுக்கு 40 அடிக் கொள்கலன் கூலி 2019இல் இரண்டாயிரம் டொலருக்கு உட்பட்டே இருந்தது. 2021 இலையுதிர் காலத்தில் 14,000 டொலரைத் தாண்டியது. அதே ஆண்டு மார்ச் 23 தொடக்கம் 29 வரை சுயஸ் கால்வாயில் ஒரு கப்பல் குறுக்கே சிக்கி வழியடைத்தது. பின்னர் கூலி இறங்கியது. 2023 நவம்பர் தொடக்கம் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டதனால் பெரிய நிறுவனங்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிவரத் தொடங்கின. அப்படிச் சுற்றும் பயணத்துக்கு பத்துப் பன்னிரண்டு நாள் மேலதிகமாகும். கூலியும் ஏறியது, முதலும் அதிக நாள் கடலில் கிடந்தது.

ஆனாலும் இந்தக் காரணத்தைச் சொல்லி எவ்வளவு ஏற்றலாம் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு. அதைக் கீழே கணக்கில் காட்டுகிறோம்.

மூன்றாம் படி: துறைமுகத்திலிருந்து பண்டசாலை வரை

இதுதான் கடலில்லா நாட்டுக்கே உரிய படி. கடற்கரை நாட்டில் துறைமுகத்தில் இறக்கியதும் பாதி வேலை முடிந்தது. எமக்கு அங்கேதான் அடுத்த செலவு தொடங்குகிறது. ரொட்டர்டாம், அன்ற்வேர்ப்பன் துறைமுகங்களிலிருந்து ரைன் நதி வழியாகப் படகிலோ, இரயிலிலோ, பாரவூர்தியிலோ பாசலுக்கு வரும். தெற்கே ஜெனோவாவிலிருந்து மலை கடந்தும் வரும். ரைன் வழி மட்டும் 800 கிலோமீற்றருக்கு மேல். நாட்டின் வெளிநாட்டு வர்த்தகத்தில் எடைக் கணக்கில் பத்தில் ஒரு பங்கு பாசல் பகுதி ரைன் துறைமுகங்கள் வழியே போய்வருகிறது.

நதி என்றால் வரட்சி உண்டு. ஜேர்மனியில் கௌப் என்ற இடத்தில் நதியின் நீர்மட்டத்தை அளப்பார்கள். 2018 ஒக்டோபரில் அங்குள்ள அளவுகோல் 25 சென்ரிமீற்றர் வரை இறங்கியது. (நதியின் முழு ஆழமும் அதுவென்று எண்ணவேண்டாம், அளவுகோலின் கணக்கு அது.) படகுகள் பாதிக்கும் குறைவான பாரமே ஏற்றமுடிந்தது. 2022 ஓகஸ்ட்டில் மறுபடியும் அதே நிலை. அந்த நாட்களில் படகுக்காரர் 'குறைநீர் மேலதிகக் கட்டணம்' என்று ஒன்று சேர்ப்பார்கள். மழை வந்து நீர் ஏறியதும் அது நீங்கும். நம்மிடம் வாங்குவோரும் கேட்கவேண்டிய கேள்வி: "அன்று ஏற்றினீர்களே, நீர் ஏறியபின் இறக்கினீர்களா?"

இரயில் வழியும் எப்போதும் உறுதியானதல்ல. 2017 ஓகஸ்ட் 12 முதல் ஒக்டோபர் 2 வரை ஜேர்மனியின் ராஸ்ராற் என்ற இடத்தில் தண்டவாளம் தாழ்ந்து ரைன் பள்ளத்தாக்கு இரயில் வழி முற்றாக அடைபட்டது. 2023 ஓகஸ்ட் 10ஆம் திகதி கோதார்ட் அடிமட்டச் சுரங்கத்தில் சரக்கு இரயில் தடம்புரண்டது. அச்சுரங்கம் முழுமையாகத் திறக்கப்பட்டது 2024 செப்டெம்பர் 2ஆம் திகதியே. பாரவூர்திக்கு மாறலாம் என்றால், கனரக வாகனங்களுக்கு 2001 முதல் தூரத்துக்கும் எடைக்கும் கட்டணம் உண்டு. இரவிலும் ஞாயிறிலும் ஓடவும் தடை. ஆகவே இந்த நாட்டில் வியாபாரம் செய்பவர் ஒரே வழியை நம்பியிருக்கக்கூடாது. ஒரே வாரத்துக்கான சரக்கோடும் இருக்கக்கூடாது.

நான்காம் படி: பணமாற்று

மீனை டொலரில் வாங்குகிறோம்; ஐரோப்பிய மொத்த வியாபாரியிடம் யூரோவில் வாங்குகிறோம்; விற்பது பிராங்கில். 2007இல் ஒரு யூரோவுக்கு 1 பிராங் 60 சதத்துக்கு மேல் கொடுத்தோம். 2011 செப்டெம்பர் 6ஆம் திகதி தேசிய வங்கி 1 பிராங் 20 சதத்துக்குக் கீழே யூரோவை விடமாட்டோம் என்று எல்லை கட்டியது. 2015 ஜனவரி 15ஆம் திகதி அந்த எல்லையை முன்னறிவித்தலின்றி நீக்கியது. ஒரே நாளில் யூரோ ஒரு பிராங் அளவுக்கு விழுந்தது. 2022இல் ஒரு பிராங்குக்கும் கீழே போயிற்று.

பிராங் வலுத்தால் இறக்குமதியாளனுக்கு நன்மை என்று பலர் நினைப்பர். அடுத்த சரக்குக்கு நன்மைதான். கையிருப்புக்கோ நட்டம். 10,000 யூரோ சரக்கை 1.20 வீதத்தில் 12,000 பிராங் கொடுத்து வாங்கி அடுக்கியவர், மறுநாள் பக்கத்துக் கடைக்காரர் அதையே 10,000 பிராங்குக்கு எடுக்கக் கண்டார். முந்தினவர் பழைய விலைக்கு விற்றால் வாடிக்கை போகும். புதிய விலைக்கு விற்றால் முதல் போகும். அதற்கு மேலாக, வாடிக்கையாளரே காரில் ஏறிக் கொன்ஸ்ரான்சுக்கும் வைல் அம் ரைனுக்கும் போய்ச் சாமான் வாங்கி வரத் தொடங்கினார்கள். ஆகவே பணமாற்று ஆடும் காலத்தில் மூன்று மாதத்துக்குமேல் சரக்கு அடுக்குவது வியாபாரம் அல்ல, பந்தயம். கடனுக்கு வாங்கும்போது பற்றுச்சீட்டு எந்தப் பணத்தில் எழுதப்படுகிறது என்பதையும் பாருங்கள். யூரோவில் எழுதிய 60 நாள் கடன் என்றால், அந்த 60 நாளின் ஏற்ற இறக்கம் உங்கள் தலையில்.

ஐந்தாம் படி: எல்லை, சான்றிதழ், வரி

விலங்கு, மீன் பொருட்களின் சுகாதாரக் கட்டுப்பாட்டில் சுவிற்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தோடு ஒரே வட்டத்துக்குள் இருக்கிறது. இலங்கை, இந்தியா, தாய்லாந்து போன்ற மூன்றாம் நாடுகளிலிருந்து கடல் வழி வரும் மீன் சரக்கு, ஒன்றியத்தின் முதற் துறைமுகத்திலேயே சோதிக்கப்படும். ஆகாய வழி வந்தால் சூரிச், ஜெனீவா விமான நிலையங்களில் சோதிக்கப்படும். அங்கீகாரம் பெற்ற நாட்டில், அங்கீகாரம் பெற்ற தொழிற்சாலையில் செய்ததாக இருக்கவேண்டும். சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். 2017 மார்ச் 1 முதல் கடல்மீன் களவாகப் பிடிக்கப்பட்டதல்ல என்பதைக் காட்டும் பிடிச் சான்றிதழும் வேண்டும். நம்பத்தக்க கட்டுப்பாடுள்ளவை என்று பட்டியலிட்ட நாடுகளுக்கு மட்டும் விலக்கு.

இந்தச் சான்றிதழ் வெறும் கடதாசி அல்ல என்பதை 2015இல் பார்த்தோம். ஆழ்கடல் மீன்பிடியைச் சரிவரக் கட்டுப்படுத்தவில்லை என்று இலங்கை மீனுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2015 ஜனவரியில் தடை போட்டது. 2016 ஜூனில்தான் நீக்கியது. சுவிற்சர்லாந்து ஒன்றியத்தில் இல்லை. ஆனாலும் எமது சரக்கில் பெரும்பகுதி ஒன்றியத்துத் துறைமுகங்கள் வழியாகவோ, ஜேர்மனி, பிரான்ஸ் மொத்த வியாபாரிகள் வழியாகவோ வருவதனால் அதன் தாக்கம் இங்கும் வந்தது. ஒரே நாட்டுச் சரக்கை நம்பியவர்கள் தட்டுகளை வெறுமையாக வைத்திருந்தார்கள்.

இன்னொன்று 'ஹிஸ்ரமின்' என்னும் நஞ்சு. சூரை, கும்பளா, மத்தி, நெத்தலி போன்ற மீன்களைப் பிடித்தவுடன் குளிரில் வைக்காவிட்டால் அது உண்டாகும். பின்பு அவித்தாலும், பொரித்தாலும், ரின்னில் அடைத்தாலும் அழியாது. சோதனையில் கிலோவுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் கண்டால் அந்தத் தொகுதி தள்ளுபடி. உப்பு நீரில் புளிக்கவைத்த வகைகளுக்கு மட்டும் வரம்பு சற்றுக் கூட. தள்ளுபடியான கொள்கலனைத் திருப்பவோ அழிக்கவோ ஆகும் செலவும் இறக்குமதியாளனுடையதே. ஆகவே மிக மலிவாக வரும் மாசியையும் சூரைக் கருவாட்டையும் பார்த்து மகிழ்வதற்கு முன், பரிசோதனை அறிக்கை எங்கே என்று கேட்கவேண்டும்.

வரி விடயத்தில், சுவிஸ் சுங்க வரி பொதுவாகச் சரக்கின் விலைக்கு அல்ல, பெட்டி கட்டு உட்பட்ட மொத்த எடைக்கே போடப்படும். எந்தச் சரக்குக்கு எவ்வளவு, எது வரியின்றி வரும் என்பது சுங்கத்தின் 'தாரெஸ்' அட்டவணையில் எண்வாரியாக இருக்கிறது. முகவர் சொல்லை மட்டும் நம்பாமல் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. பெறுமதிசேர் வரி உணவுப் பொருட்களுக்கு 2024 ஜனவரி முதல் 2.6 வீதம். அது சரக்கின் விலையோடு கூலிச் செலவும் சேர்த்த தொகைக்கு வரும். வரிப் பதிவு உள்ளவர் அதைக் கழித்துக்கொள்ளலாம். ஆண்டு விற்பனை ஒரு இலட்சம் பிராங்குக்குக் கீழ் என்று பதியாமல் இருப்பவருக்கோ அது அடக்கவிலையோடு சேரும் செலவு.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

புரிவதற்காக ஓர் உதாரணக் கணக்கு. எண்கள் வசதிக்காக எடுத்தவை. உங்கள் பற்றுச்சீட்டு எண்களை அதே இடத்தில் போட்டுப் பாருங்கள்.

20 அடிக் கொள்கலனில் 425 கிராம் தக்காளிச் சாற்று மீன், 1,500 பெட்டி, பெட்டிக்கு 24, மொத்தம் 36,000 ரின். ரின் ஒன்று 1 டொலர். டொலருக்கு 90 சதம்.

சரக்கு: 36,000 டொலர் = 32,400 பிராங்.
கப்பற் கூலி: 1,800 டொலர் = 1,620 பிராங்.
துறைமுகச் செலவு, நதி வழி, பண்டசாலை வரை: 2,300 பிராங்.
சோதனை, சான்றிதழ், சுங்க முகவர்: 680 பிராங்.
கூட்டினால்: 37,000 பிராங்.
ஐந்து மாத முதலுக்கு ஆண்டு 5 வீத வட்டி: 771 பிராங்.
பண்டசாலை வாடகை: 900 பிராங்.
நெளிவு, சேதம் 1 வீதம்: 370 பிராங்.
மொத்தம்: 39,041 பிராங். ரின் ஒன்றுக்கு 1 பிராங் 8 சதம். இதன்மேல் மொத்த வியாபாரிக்குப் பத்து வீதம் என்றால் 1 பிராங் 19 சதம்.

இனி ஒவ்வொரு படியையும் ஆட்டிப் பார்ப்போம்.

மீன் விலையால் ரின் 20 வீதம் ஏறினால்: 6,480 பிராங் கூடும், ரின்னுக்கு 18 சதம்.
கப்பற் கூலி நான்கு மடங்கானால்: 4,860 பிராங் கூடும், ரின்னுக்கு 13 அல்லது 14 சதம்.
நதி குறைநீர்க் கட்டணம் 600 பிராங் என்றால்: ரின்னுக்கு 2 சதம்கூட இல்லை.
டொலர் 90 சதத்திலிருந்து 80 சதத்துக்கு இறங்கினால்: 3,780 பிராங் குறையும், ரின்னுக்கு 10 சதத்துக்குச் சற்று மேல்.

இப்போது தெரிகிறதல்லவா? டொலர் இறங்கியும் ரின் ஏறுவதற்கு நியாயமான காரணம் இருக்கலாம். மீன் ஏற்றம் டொலர் இறக்கத்தை விழுங்கிவிடும். ஆனால் நதியில் நீர் இல்லை என்று சொல்லி ரின்னுக்கு 30 சதம் ஏற்றுபவரிடம் கணக்குக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. கேட்டால் கோபிக்காதவரே நீண்டகால வியாபாரத்துக்கு ஏற்றவர். மொத்த வியாபாரிகளாகிய நாமும் விலை ஏற்றும் அறிவித்தலில் எந்தப் படியில் எவ்வளவு என்று ஒரு வரி எழுதுவது வழக்கமாகவேண்டும். இறங்கும்போதும் அதே போல எழுதவேண்டும்.

கால இடைவெளியையும் மறக்கக்கூடாது. இன்று கடலில் பிடித்த மீன் தொழிற்சாலைக்குப் போய், ரின்னாகி, கப்பலேறி, உங்கள் தட்டுக்கு வர நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். இன்று பத்திரிகையில் மீன் விலை இறங்கியது என்று கண்டால், உங்கள் கடையில் அது அரையாண்டுக்குப் பின்னரே தெரியும்.

கருவாட்டுக்கு எடைக் கணக்கும் சேரும். கிலோ 14 பிராங் வீதம் 10 கிலோப் பெட்டி 140 பிராங்குக்கு வாங்கினீர்கள். கட்டுத் திறந்து வைத்து விற்கும்போது ஈரம் போய் 9 கிலோ 600 கிராம்தான் நிறுத்துக் கொடுக்க முடிந்தது என்றால், உண்மையான அடக்கவிலை கிலோவுக்கு 14 பிராங் 58 சதம். இதைக் கவனிக்காமல் 50 சத இலாபத்துக்கு விற்பவர் கிலோவுக்கு 8 சதம் கையிலிருந்து கொடுக்கிறார்.

வாடிக்கையாளருக்குப் பயன்படும் கணக்கும் ஒன்று உண்டு. ஒரு 425 கிராம் ரின் 1 பிராங் 60 சதம், வடித்த எடை 235 கிராம். இன்னொன்று 1 பிராங் 80 சதம், வடித்த எடை 285 கிராம். 100 கிராம் மீனுக்கு முன்னது 68 சதம், பின்னது 63 சதம். விலை கூடிய ரின்னே மலிவு. தட்டில் இதை எழுதி ஒட்டிவையுங்கள். உங்கள் சொல்லுக்கு மதிப்புக் கூடும்.

சந்தைப் போக்கு

எல்லை தாண்டி வாங்கும் பழக்கம் எமக்குப் பெரிய போட்டி. 2020இல் மார்ச் நடுப்பகுதி முதல் ஜூன் 15 வரை எல்லை அடைபட்டிருந்தபோது, அதுவரை எமது கடைக்கு வராத குடும்பங்கள்கூட வந்தன. ரின் மீனும் பருப்பும் அரிசியும் அடுக்க அடுக்க முடிந்தன. எல்லை திறந்ததும் அவர்களில் எத்தனை பேரை நாம் தக்கவைத்தோம் என்பதை ஒவ்வொருவரும் தம் கடையை வைத்துச் சிந்திக்க வேண்டும். தட்டுப்பாட்டில் நியாய விலைக்குக் கொடுத்தவரிடம் வாடிக்கை தங்கும். ஒன்றுக்கு இரண்டாக விற்றவரை மக்கள் மறக்கமாட்டார்கள். 2025 ஜனவரி 1 முதல், வரியின்றி ஒருவர் ஒரு நாளில் கொண்டுவரக்கூடிய சாமான் பெறுமதி 300 பிராங்கிலிருந்து 150 பிராங்காகக் குறைக்கப்பட்டிருக்கிறது. இது எமக்குச் சிறு ஆதரவு. அதை மட்டும் நம்பி இருக்க முடியாது.

இரண்டாவது, இங்கு பிறந்த பிள்ளைகள். ரின் மீன் அவர்கள் கைக்குப் பழகியது; கருவாட்டை அடுக்குமாடி வீட்டில் பொரித்தால் படிக்கட்டு முழுவதும் மணக்கும் என்று அஞ்சுகிறார்கள். ஒரு கிலோக் கட்டு எடுத்தவர்கள் இப்போது காற்று நீக்கி அடைத்த 100, 200 கிராம் பொதியைக் கேட்கிறார்கள். சிறு பொதியில் கிலோ விலை கூடும். ஆனால் ஈரம் போகும் நட்டமும் மணமும் இல்லை. இடித்த மாசிக்கும் இது பொருந்தும்.

மூன்றாவது, பெரிய சங்கிலிக் கடைகளிலும் ஆசியச் சாமான் தட்டுகள் வந்துவிட்டன. சூரை ரின் விலையில் அவர்களோடு மோத நம்மால் இயலாது. அவர்களிடம் இல்லாதது நெத்தலியும் மாசியும், எது குழம்புக்கு எது சம்பலுக்கு என்று சொல்லிக் கொடுக்கும் வாயும். எமது இடத்தை அங்கேதான் தேடவேண்டும்.

செய்யவேண்டியவை

1. ஒவ்வொரு வகைக்கும் அடக்கவிலைக் கொப்பி ஒன்று வைத்திருங்கள். வாங்கிய திகதி, பணமாற்று வீதம், வடித்த எடை மூன்றும் அதில் இருக்கட்டும்.

2. ரின் மீனில் ஆறு வாரம் முதல் எட்டு வாரம் வரையான கையிருப்பு போதும். அதற்குக் கீழே போனால் வழி அடைபடும்போது தட்டு வெறுமை. மேலே போனால் பணமாற்றுப் பந்தயம்.

3. ஒரே நாட்டு, ஒரே வழிச் சரக்கை நம்பாதீர்கள். ஒவ்வொரு வகைக்கும் இரண்டாவது இடம் ஒன்று தெரிந்திருக்க வேண்டும்.

4. பயணிகளின் பெட்டியில் வந்த கருவாட்டைக் கடையில் வைத்து விற்காதீர்கள். மலிவாகக் கிடைக்கும், உண்மைதான். ஆனால் சான்றிதழும் இல்லை, தொகுதி எண்ணும் இல்லை. யாருக்காவது நோய் வந்தால் எங்கிருந்து வந்தது என்று காட்ட உங்களிடம் எதுவும் இராது. அண்ணன் தம்பி கொண்டுவந்தது என்ற சொல் உணவுப் பரிசோதகர் முன் செல்லாது. ஒரு கடையில் பிடிபட்டால் சந்தேகம் எல்லாத் தமிழ்க் கடைகள்மேலும் விழும்.

5. ஆட்சி மொழிகளில் ஒன்றிலாவது விபரச்சீட்டு இல்லாத ரின்னையும், வீங்கிய ரின்னையும், ஓரத் தையலில் நெளிந்த ரின்னையும் மலிவு விலைக் கூடையில் போடாதீர்கள். அவை விற்பனைக்குரியவை அல்ல.

6. மொத்த வியாபாரியின் விலையேற்றக் கடிதத்தை வைத்திருங்கள். காரணம் நீங்கியதும் அதே கடிதத்தைக் காட்டி விலை கேளுங்கள்.

இவற்றுக்குப் பெரிய படிப்புத் தேவையில்லை. கூட்டல், கழித்தல், வகுத்தல் போதும். வாரத்தில் ஒரு மணி நேரம் கொப்பியோடு உட்காருபவர், கடல் எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் அதன் ஏற்ற இறக்கத்தைத் தன் கல்லாப்பெட்டியில் இருந்தே அறிந்துகொள்வார். இந்த மாதமே உங்கள் கடையில் அதிகம் விற்கும் ஒரு ரின்னை எடுத்து, மேலே சொன்ன ஒழுங்கில் அதன் அடக்கவிலையை எழுதிப் பாருங்கள். வரும் விடை எமது மொத்த விலையோடு பொருந்தாவிட்டால் கொப்பியோடு வாருங்கள். உட்கார்ந்து சேர்ந்து பார்ப்போம்.